பூட்டாத கோயில்



சென்னை எழும்பூர் இரயில் நிலையத்திற்கு அண்மையில், பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டி, வெண்ணிறத் தூண்களும் வான் நோக்கி உயர்ந்த கோபுரமும் கொண்ட தேவாலயம் ஒன்று இருக்கிறது. புனித ஆந்திரேயா ஆலயம் என்பது அதன் பெயர். ‘கிர்க்’ என்று சொன்னால் அப்பகுதியில் உள்ளோர் வழி காட்டுவர். சென்னையில் வாழ்ந்த ஸ்காட்லாந்துக்காரர்களுக்காக, தாமஸ் டி ஹாவிலண்ட் என்னும் பொறியியல் அதிகாரி அதனைக் கட்டினார். 1818-ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்று, 1821-ஆம் ஆண்டில் அது வழிபாட்டிற்குத் திறக்கப்பட்டது. அவ்விடத்து மண் நீர் ஊறிய களிமண். ஆதலால் நம் நாட்டு முறைப்படி வரிசை வரிசையாகக் கிணறுகளை இறக்கி, அவற்றின் மேல் கடைக்காலை நிறுத்தினார்கள். கட்டடக்கலை பயிலும் மாணவர்கள் இதனைக் கட்டாயம் ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டும்.

ஆனால் நான் இன்று சொல்ல வந்தது எழும்பூர் ஆலயத்தின் கதை அன்று. அதற்கு முன்மாதிரியாக நின்ற மூல ஆலயத்தின் கதையாகும். அது இலண்டன் மாநகரின் நடுவே, டிரபால்கர் சதுக்கத்தின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது. ‘வயல்வெளிப் புனித மார்ட்டின் ஆலயம்’ என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். இன்று அங்கே வயலும் இல்லை, வெளியும் இல்லை. பேருந்துகளின் இரைச்சல்தான் உண்டு. ஒரு காலத்தில் இலண்டன் நகரத்திற்கும் வெஸ்ட்மின்ஸ்டருக்கும் இடையே அவ்விடம் மெய்யாகவே வயலாக இருந்தது. ஊர் வளர்ந்து வயலை விழுங்கிவிட்டது; பெயர் மட்டும் எஞ்சியது. நம் நாட்டிலும் ஏரி இல்லாத ஏரிக்கரைத் தெருக்கள் எத்தனை!

இந்த ஆலயத்தின் பழைய வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. இங்கிலாந்தை ஆண்ட எட்டாம் ஹென்றி மன்னர் 1542-ஆம் ஆண்டையொட்டி இதனைப் புதுப்பித்துக் கட்டுவித்து, இதன் பங்கு எல்லையையும் விரிவாக்கினார். அதற்குக் காரணம் பக்தி மிகுதி என்று எண்ணிவிட வேண்டா. அந்நாளில் கொள்ளை நோய் அடிக்கடி வந்தது. இப்பகுதியில் நோயுற்றோரும் இறந்தோரும் வேறு ஆலயத்திற்குப் போக வேண்டுமாயின் மன்னரின் ஒயிட்ஹால் அரண்மனை வழியே போக வேண்டியிருந்தது. அவர்கள் தம் அரண்மனைப் பக்கம் வாராதிருக்க வேண்டும் என்பதே மன்னரின் கருத்து. துன்புற்றோரைத் தொலைவில் நிறுத்துவதற்காக வளர்க்கப்பட்ட கோயில், பின்னாளில் அவர்களை உள்ளே அழைப்பதற்காகவே பெயர் பெற்றது.

இன்று நிற்கும் கட்டடம் ஜேம்ஸ் கிப்ஸ் என்னும் சிற்பி அமைத்தது. அவரும் ஸ்காட்லாந்துக்காரரே. வட்ட வடிவமான ஆலயம் ஒன்றையே அவர் முதலில் வரைந்து கொடுத்தாராம். செலவு மிகுதி என்று சொல்லி அதனைத் தள்ளிவிட்டார்கள். பிறகு நீள் சதுரமாகக் கட்டி 1726-ஆம் ஆண்டில் முடித்தார்கள். இலண்டன் தள்ளிய வட்டத்தை, சுமார் நூறு ஆண்டு கழித்து, சென்னை எடுத்துக்கொண்டது. எழும்பூர் ஆலயத்தினுள் நின்று மேலே பார்த்தால் தெரியும் வட்டக் குவிமாடத்தின் கதை இதுதான். முகப்பில் ஆறு பெருந்தூண்கள். அவற்றின் மேல் முக்கோண நெற்றி. அதற்குப் பின்னிருந்து எழும் கோபுரம். இந்த அமைப்பை அமெரிக்காவிலும் பலர் பின்பற்றினார்கள். அரசரின் பக்கிங்காம் அரண்மனை இந்தப் பங்கின் எல்லைக்குள் அடங்கும். கடற்படைத் தலைமையகத்திற்கும் இதுவே பங்குக் கோயில். செல்வரும் அதிகாரம் உடையோரும் வண்டியில் வந்து இறங்கி, வழிபட்டு, வண்டியில் ஏறிப் போகும் கோயிலாக அது இருந்தது.

1914-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் முதல் உலகப் போர் மூண்டது. அவ்வாண்டு நவம்பரில் இந்த ஆலயத்திற்குப் புதிய குருவானவர் ஒருவர் வந்தார். ஹியூ ரிச்சர்ட் லாரி ஷெப்பர்ட் என்பது முழுப் பெயர். உலகம் அவரை டிக் ஷெப்பர்ட் என்றே அழைத்தது. அப்போது அவருக்கு வயது முப்பத்து நான்கு. உடம்பு மெலிவு, ஈளை நோய் வாழ்நாள் முழுதும் அவரை வாட்டியது. தென்னாப்பிரிக்கப் போருக்குத் தொண்டராகப் புறப்பட்டு, இரயில் நிலையத்திற்குப் போகும் வழியில் வண்டி விபத்துக்கு உள்ளாகி, ஒரு கால் ஊனமுற்றவர். இலண்டனின் கிழக்குப் பகுதியில், ஏழைத் தொழிலாளர் நெருங்கி வாழும் பெத்னல் கிரீன் என்னும் இடத்தில் சில ஆண்டுகள் பணி புரிந்திருந்தார். போர் தொடங்கியதும் பிரான்சு சென்று ஒரு போர் மருத்துவமனையில் சில வாரங்கள் குருவாக இருந்தார். குண்டடிபட்ட இளைஞர்கள் சாகும்போது பக்கத்தில் அமர்ந்திருந்து, மனமும் உடலும் தளர்ந்து திரும்பியவர், இந்தப் பொறுப்பை ஏற்றார்.

ஆலயத்தை அடுத்துச் சேரிங் கிராஸ் இரயில் நிலையம் இருக்கிறது. போர்முனைக்குப் போகும் சிப்பாய்களும், விடுப்பில் வருவோரும், காயம்பட்டோரும் அந்த வழியே வந்து போனார்கள். நள்ளிரவில் வந்து இறங்குவான் ஒரு சிப்பாய். சொந்த ஊருக்குப் போகும் கடைசி வண்டி போயிருக்கும். மழையும் பனியும் கொட்டும். கையில் காசு இருந்தால் விடுதி, இல்லாவிட்டால் தெரு. அந்தத் தெருவில் எத்தகைய மனிதர்கள் காத்திருப்பர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஷெப்பர்ட் செய்தது மிக எளிய செயல். கோயில் கதவை இரவில் பூட்டாமல் விட்டார். உள்ளே விளக்கை எரியவிட்டார். வந்தவர்கள் வழிபாட்டுப் பலகைகளின் மேல் படுத்து உறங்கினார்கள். ஆலயத்தின் அடியில் செங்கல் வளைவுகளால் ஆன பெரிய நிலவறை ஒன்று உண்டு. பழைய நாளில் இறந்தோரைப் புதைப்பதற்காக அமைந்தது அது. அந்த நிலவறையைத் திறந்து, சிப்பாய்களுக்குத் தேநீரும் உணவும் படுக்கையும் தர ஏற்பாடு செய்தார். பிணங்கள் கிடந்த இடத்தில் உயிருள்ளோர் வந்து படுத்தார்கள். அவர்களுள் பலர் சில வாரங்களில் பிணமாகப் போகிறவர்கள் என்பதும் உண்மை.

கோயிலில் படுக்கலாமா, பலகையில் சேற்றுப் பூட்ஸோடு கால் நீட்டலாமா என்று கேட்டோர் இருந்திருப்பர். எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு விடை அந்தக் கோயிலின் பெயரிலேயே இருந்தது. மார்ட்டின் என்பவர் நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். உரோமப் படையில் ஒரு வீரர். பிரான்சு நாட்டு அமியான் நகர வாயிலில், கடுங்குளிரில் ஆடையின்றி நடுங்கிய பிச்சைக்காரன் ஒருவனைக் கண்டு, தம் போர்வையை வாளால் இரண்டாகக் கிழித்துப் பாதியை அவனுக்குக் கொடுத்தார் என்பது மரபு. அப்போர்வைக்கு இலத்தீன் மொழியில் ‘காப்பா’ என்று பெயர். பின்னாளில் அதனைப் போற்றி வைத்த இடம் ‘காப்பெல்லா’ எனப்பட்டது. அதிலிருந்தே சிறு கோயிலைக் குறிக்கும் ‘சாப்பல்’ என்னும் ஆங்கிலச் சொல் பிறந்தது. மொழி பயிலும் மாணவர்கள் இதனைக் குறித்துக்கொள்ளலாம். மார்ட்டினின் திருநாள் நவம்பர் 11. முதல் உலகப் போர் 1918-இல் ஓய்ந்ததும் அதே நாளில்தான்.

இங்கே என் வாழ்க்கையிலிருந்து ஒன்று சொல்ல அனுமதி வேண்டுகிறேன். நான் தலைமையாசிரியனாகப் பொறுப்பேற்ற முதல் ஆண்டு. சிறிய ஊர், ஓட்டுக் கூரைப் பள்ளி, நீண்ட தாழ்வாரம். ஒரு நாள் காலையில் காவற்காரர் வந்து, “ஐயா, எட்டாம் வகுப்புப் பையன் ஒருத்தன் நாலு நாளா ராத்திரியிலே தாழ்வாரத்திலே வந்து படுத்துக்கறான், என்ன செய்யட்டும்?” என்று கேட்டார். பள்ளிச் சொத்துக்கு நான் பொறுப்பு. மேசை நாற்காலி காணாமற் போனால் விடை சொல்ல வேண்டியவன் நான். “இரவில் வாயிற் கதவைப் பூட்டிவிடுங்கள்” என்றேன். ஏன் படுக்கிறான் என்று கேட்கவில்லை. இரண்டு நாளில் பையன் பள்ளிக்கு வருவதும் நின்றது. தொடர்ந்து வராதவர் பெயரை நீக்கும் முறைப்படி, உரிய நாள் கடந்ததும் பதிவேட்டில் அவன் பெயரின் மேல் சிவப்பு மையால் கோடு இழுத்தேன். தாய் இறந்த பின் அவனை வளர்த்த உறவினர் வீட்டை விட்டுத் துரத்தியிருந்தார்கள் என்ற செய்தி, கோடு இழுத்த பிறகுதான் என் காதுக்கு எட்டியது. தேடினேன், ஆள் அனுப்பினேன், அகப்படவில்லை. ஷெப்பர்டைப் பற்றி நூல்களில் படிக்கத் தொடங்கியது அதற்குப் பல ஆண்டு கழித்து. அந்தப் பூட்டின் நினைவு இல்லாமல் இந்த வரலாற்றை என்னால் படிக்க முடிந்ததில்லை.

போர் முடிந்தது. சிப்பாய்களுக்குப் பதிலாக வேறு மனிதர்கள் படியேறி வந்தார்கள். வந்தவர்களுள் பலர் பழைய சிப்பாய்களே. சீருடை போய்க் கந்தல் வந்திருந்தது. வேலை இல்லை. 1920-களிலும், உலகப் பொருளாதாரம் சரிந்த 1930-களிலும் டிரபால்கர் சதுக்கத்தில் இரவைக் கழித்தோர் பலர். ஜார்ஜ் ஆர்வெல் என்னும் எழுத்தாளர் 1931-ஆம் ஆண்டில், வீடற்றோர் வாழ்வை அறிவதற்காகத் தாமும் அவர்களோடு அச்சதுக்கத்தில் இரவுகளைக் கழித்தார். தாம் கண்டதை நான்கு ஆண்டுக்குப் பின் ஒரு நாவலிலும் அமைத்தார்.

அந்நாட்டுச் சட்டம் அத்தகையோரை எவ்வாறு கருதியது என்பதையும் நாம் அறிய வேண்டும். நெப்போலியன் போர்களுக்குப் பின், வேலையற்ற சிப்பாய்கள் ஊரெங்கும் திரிந்த காலத்தில், 1824-ஆம் ஆண்டில் ‘நாடோடிகள் சட்டம்’ என்று ஒன்று இயற்றினார்கள். அதன்படி, பிழைக்க வழியின்றி வெட்டவெளியில் உறங்குவதே குற்றம். அந்தச் சட்டத்தை நீக்குவதற்கான விதியை இங்கிலாந்து நாடாளுமன்றம் இயற்றியது எப்போது தெரியுமா? 2022-ஆம் ஆண்டில்! ஆகவே மார்ட்டின் ஆலயத்தின் நிலவறையில் ஒருவன் இரவில் படுத்தபோது, குளிரிலிருந்து மட்டும் அவன் தப்பவில்லை. காவலர் கையிலிருந்தும் தப்பினான். புகலிடம் என்னும் சொல்லின் பழைய பொருளும் அதுவே. இடைக்கால ஐரோப்பாவில் கோயிலுக்குள் ஓடி வந்து புகுந்தவனை அரசன் ஆட்கள் தொடக்கூடாது என்ற வழக்கம் இருந்தது.

வானொலி வழியாக உங்களோடு பேசும் நான் வானொலியைப் பற்றியும் ஒரு சொல் சொல்லாமல் இருக்கலாகாது. பிரிட்டிஷ் ஒலிபரப்பு நிறுவனம் 1922-இல் தோன்றியது. அதன் தலைவர் ஜான் ரீத், ஒரு கோயிலில் நடக்கும் வழிபாட்டை அப்படியே ஒலிபரப்ப விரும்பினார். பெரிய ஆலயத்தார் தயங்கினார்கள். வழிபாட்டை மதுக்கடையில் தொப்பி கழற்றாமல் உட்கார்ந்து எவனாவது கேட்பானே என்று அந்நாளில் கவலைப்பட்டதாகச் சொல்வதுண்டு! ஷெப்பர்டுக்கு அந்தக் கவலை இல்லை. கோயிலுக்கு வர இயலாதவனிடம் கோயில் போவதில் அவருக்கு மகிழ்ச்சியே. 1924-ஆம் ஆண்டு ஜனவரி 6, ஞாயிற்றுக்கிழமை, மார்ட்டின் ஆலயத்திலிருந்து முதல் வழிபாடு ஒலிபரப்பாயிற்று. படுக்கையை விட்டு எழ முடியாத நோயாளிகளும் முதியோரும் தம் அறையில் இருந்தபடியே கேட்டார்கள். கேட்டவர்கள் ஏழைகளுக்காகப் பணமும் அனுப்பத் தொடங்கினார்கள். கிறிஸ்துமஸ் காலத்தில் வானொலி வழியாக நிதி திரட்டும் அந்த வழக்கம் அந்தப் பத்தாண்டுகளிலேயே வேரூன்றி, இந்த நூற்றாண்டிலும் தொடர்ந்து வந்திருக்கிறது.

அதே 1924-ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் மாகாண வானொலிக் கழகம் தோன்றி, ஜூலை 31-ஆம் நாள் ஒலிபரப்பைத் தொடங்கியது. பணம் போதாமல் அது மூன்று ஆண்டில் நின்றுபோனதும், பின்னர் சென்னை நகராட்சி அதனை ஏற்று 1930-இல் மீண்டும் நடத்தியதும் தனிக் கதை.

ஷெப்பர்டின் பிற்கால வாழ்க்கையை விரைந்து சொல்லிவிடுகிறேன். உடல்நிலை இடம் கொடாமையால் 1926-இல் ஆலயப் பொறுப்பை விட்டார். போர் என்பதையே கிறிஸ்தவன் ஏற்கலாகாது என்ற முடிவுக்கு வந்து, 1934-இல் செய்தித்தாளில் ஒரு கடிதம் எழுதினார்: இனி எந்தப் போருக்கும் துணை நில்லேன் என்று உறுதி கூறுவோர் ஓர் அஞ்சலட்டை அனுப்புக என்று. ஆயிரக்கணக்கில் அட்டைகள் வந்து குவிந்தன. 1937 அக்டோபரில் கிளாஸ்கோ பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் மதிப்பியல் தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அத்தேர்தலில் தோற்றவருள் ஒருவர் வின்ஸ்டன் சர்ச்சில். சில நாட்களில், அம்மாத இறுதியில், ஷெப்பர்ட் காலமானார். அவர் உடல் மார்ட்டின் ஆலயத்தில் வைக்கப்பட்டபோது பெருங்கூட்டம் இரவும் பகலும் வரிசையில் நின்றது. அவருடைய அமைதிக் கொள்கை ஹிட்லர் காலத்திற்குப் பொருந்துமா என்பது வேறு கேள்வி. எனக்கு அதில் ஐயம் உண்டு. கதவைத் திறந்தது சரியா என்பதில் ஐயம் இல்லை.

அவர் போன பின்னும் கதவு திறந்தே இருந்தது. அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். நல்லவர் ஒருவர் தொடங்கும் பணி அவரோடு முடிந்துபோவதை நாம் எங்கும் காண்கிறோம். 1940 செப்டம்பர் முதல் ஜெர்மன் விமானங்கள் இரவுதோறும் இலண்டன் மீது குண்டு பொழிந்தபோது, அந்த நிலவறை பொதுமக்களுக்கு ஒதுங்கிடம் ஆயிற்று. அப்போது வீடுள்ளோரும் வீடற்றோரும் ஒரே வளைவின் கீழ்ப் படுத்தார்கள். போருக்குப் பின், தொண்டர்களின் இரக்கத்தை மட்டும் நம்பாமல், பயிற்சி பெற்ற பணியாளரைக் கொண்ட சமூக உதவிப் பிரிவாக அப்பணி வளர்ந்தது. ஒருவருக்குக் கஞ்சி வார்ப்பது ஒரு வேலை. அவருக்கு அடையாளச் சான்று, மருத்துவம், தொழில், குடியிருக்க அறை ஆகியவற்றைத் தேடித் தருவது வேறு வேலை. பின்னதற்குப் பொறுமையோடு அறிவும் வேண்டும், கோப்புகளும் வேண்டும்.

இதற்கு மேலும் ஒரு படி உண்டு. நிலவறையில் நூறு பேருக்கு இடம் கொடுத்தால், நூற்றோராவது மனிதன் எங்கே போவான்? ஏன் இத்தனை பேர் தெருவுக்கு வருகிறார்கள்? வீடு கட்டுவதும் வாடகையை ஒழுங்கு செய்வதும் யார் கடமை? தருமம் செய்வோர் இக்கேள்விகளைக் கேட்கத் தயங்குவது வழக்கம். கேட்டால் நன்கொடை குறையுமோ என்னும் அச்சம். 1966-ஆம் ஆண்டு நவம்பர் 16-இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் ஒரு நாடகம் ஒளிபரப்பாயிற்று. ‘கேத்தி, வீட்டுக்கு வா’ என்பது அதன் பெயரின் பொருள். வீட்டை இழந்த இளங்குடும்பம் ஒன்று படிப்படியாகச் சிதைவதும், இறுதியில் தாயிடமிருந்து குழந்தைகளை அதிகாரிகள் பிரித்துக்கொண்டு போவதும் அக்கதை. நாடே கலங்கிற்று. பதினைந்து நாள் கழித்து, டிசம்பர் 1-ஆம் நாள், ‘ஷெல்டர்’ என்னும் அமைப்பு மார்ட்டின் ஆலயத்தில் தொடங்கப் பெற்றது. புரூஸ் கென்ரிக் என்னும் ஸ்காட்லாந்துத் திருச்சபைக் குருவானவர் அதற்கு மூலகாரணர். தெருவில் கிடப்பவர் மட்டும் வீடற்றவர் அல்லர்; மனிதர் வாழத் தகாத இருட்டறையில் குழந்தைகளோடு அடைந்து கிடப்பவரும் வீடற்றவரே என்று அவ்வமைப்பு வாதாடியது. 1977-ஆம் ஆண்டில் வீடற்றோரைப் பற்றிய தனிச் சட்டம் அந்நாட்டில் வந்ததற்கு இத்தகைய கிளர்ச்சிகள் பெருங்காரணம்.

மற்றொரு செய்தி. பீட்டர் பெனன்ஸன் என்னும் வழக்கறிஞர், அயல்நாட்டில் கருத்துக்காகச் சிறைப்பட்டோரைப் பற்றிப் படித்து மனம் கொதித்து, 1960-இன் இறுதியில் இந்த ஆலயத்தினுள் போய் உட்கார்ந்து, என்ன செய்யலாம் என்று சிந்தித்ததாகச் சொல்லியிருக்கிறார். 1961 மே 28-இல் அவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்து பிறந்ததே ‘ஆம்னெஸ்டி’ என்னும் உலக அமைப்பு. கதவு பூட்டியிருந்தால் அவரும் தெருவோடு போயிருப்பார்.

பணி ஓய்வு பெற்ற பின், இலண்டனில் வேலை பார்க்கும் என் மகள் வீட்டிற்குப் போயிருந்தபோது அந்த நிலவறையில் இறங்கிப் பார்த்தேன். செங்கல் வளைவுகள், காலடியில் பழைய கல்லறைக் கற்கள், பெயர்கள் தேய்ந்தவை. அங்கே இப்போது சிற்றுண்டிச்சாலை நடக்கிறது. நாம் தேநீருக்குக் கொடுக்கும் காசு ஆலயத்தின் பணிகளுக்குத் துணையாகிறதாம். “அப்பா, சமாதி மேலே உக்காந்து டீ குடிக்கிறீங்க” என்று மகள் சிரித்தாள். வீடற்றோர்க்கான நிலையம் 2003-ஆம் ஆண்டில் வேறோர் அமைப்போடு இணைந்து, ஆலயத்தை அடுத்து இயங்கலாயிற்று. வெளியே, தூண்களின் கீழ், படுக்கைப் பையைச் சுருட்டிக்கொண்டு ஒரு நடுவயதுக்காரர் எழுந்தார். நூறு ஆண்டுக்கு மேல் கதவு திறந்திருந்தும் படியில் படுப்போர் தீரவில்லை. அந்தக் காட்சி எனக்கு ஆறுதலாக இல்லை என்பதை மறைக்க மாட்டேன்.

ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் அந்த ஆலயத்தில் ஒரு நினைவு வழிபாடு நடந்து வருகிறது. இலண்டனில் வீடற்றவராக வாழ்ந்து அவ்வாண்டில் இறந்தோரின் பெயர்களை ஒவ்வொன்றாக உரக்கப் படிக்கிறார்கள். சிலருக்கு முழுப் பெயர்கூடத் தெரியாது. தெரிந்த அளவு படிக்கிறார்கள். பெயர்ப் பட்டியல் நீளமானதுதான். ஆயினும் விரைந்து படிப்பதில்லையாம்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆசிரியனாக இருந்தவன் நான். காலையில் பதிவேட்டை விரித்துப் பெயர் படிப்பதும், “உள்ளேன் ஐயா” என்னும் குரலுக்குக் காதைக் கொடுப்பதும் என் தொழில். சிவப்புக் கோடு இழுத்த அந்தப் பக்கத்தில் அவன் வரிசை எண் இருபத்து மூன்று. இருபத்திரண்டுக்குப் பின் இருபத்து நான்கைப் படிக்கும்போதெல்லாம், அந்த ஆண்டு முடியும் வரை, சற்று நிறுத்தியே படித்தேன். பிள்ளைகள் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.